கன்ட்ரோல் எலி எங்கேருந்து வந்துச்சு?

நாக்அவுட் எலி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, மரபணுவை எப்படி நீக்குவது என்பதைத்தான். நீக்குவது இன்றைக்குப் பெரிய காரியமில்லை. காசு கட்டினால் செய்து கொடுக்க ஆள் இருக்கிறது. நீக்கிய எலியை எந்த எலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, அதாவது கன்ட்ரோல் எலி எது என்கிற கேள்விதான் எங்கள் ஆய்வகத்தில் ஒன்றரை வருடத்தைத் தின்றது.

நான் சிங்கப்பூரில் ஆய்வு உதவியாளர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்த கையோடு பயோபொலிஸ் ஆய்வு வளாகத்துப் பக்கம் வேலைக்கு வந்தவள். முனைவர் பட்டமெல்லாம் கிடையாது. கட்டுரைகளில் என் பெயர் எப்போதும் நடுவில்தான் இருக்கும், சில சமயம் நன்றியுரையில். ஆனால் எலிகளைப் பெற்று வளர்த்து, காதில் துளை போட்டு, அடையாளம் எழுதி, கடைசிவரை பார்த்துக்கொள்வது என்னைப் போன்றவர்கள்தான். அதனால் தப்பு நடந்தால் அது முதலில் எங்கள் கை வழியாகத்தான் போகும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு மரபணு உடம்பில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க, அந்த ஒன்றை மட்டும் செயலிழக்கச் செய்து ஒரு சுண்டெலியைப் பிறக்க வைக்கிறோம். அதுதான் நாக்அவுட் எலி, நாங்கள் சுருக்கமாகக் கேஓ என்போம். முதல் நாக்அவுட் எலிகள் வந்தது 1989-இல். அந்த வழியை உருவாக்கிய மரியோ கபெச்சி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்திஸ் மூவருக்கும் 2007-இல் நோபல் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் கருவின் குருத்தணுவில் மரபணுவை மாற்றி, அந்த அணுவை இன்னொரு கருவுக்குள் செலுத்தி, இரண்டு நிறம் கலந்த குட்டி பிறக்கிறதா என்று காத்திருக்க வேண்டும். 2013-க்குப் பிறகு, மரபணுவை நேராக வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறை வந்து அந்தக் காத்திருப்பைச் சில மாதங்களாகக் குறைத்துவிட்டது.

இதில் உள்ள சூட்சுமத்தை நான் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டை வைத்துத்தான் சொல்வேன். ஒரு தடவை அம்மா ஒரு மாதம் தஞ்சாவூர் போயிருந்தார். அதுவரை சமையலறை விளக்கின் சுவிட்ச் எது என்றே தெரியாமல் இருந்த அப்பா, மூன்றாம் நாள் ரசம் வைத்தார். பரவாயில்லாமலும் இருந்தது. பத்தாம் நாள் ஒருவர் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்திருந்தால், இந்த வீட்டில் அம்மாவுக்கு ஒரு வேலையும் இல்லை போலிருக்கிறது என்று குறிப்பு எழுதிக்கொண்டு போயிருப்பார். மரபணுவிலும் இப்படித்தான். ஒன்றை எடுத்தால் அதன் பங்காளி மரபணு அந்த வேலையை இழுத்துப் போட்டுச் செய்யும். எலி பார்ப்பதற்கு ஜம்மென்று இருக்கும். கேஓ எலியில் எதுவும் தெரியவில்லை என்றால் அந்த மரபணு சும்மா இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அதே அம்மா, நான் கைக்குழந்தையாக இருந்தபோது போயிருந்தால் கதையே வேறு. எலி மரபணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்டவை. முழுக்க நீக்கினால் குட்டி பிறப்பதே இல்லை, பிறந்தாலும் சரியான எண்ணிக்கையில் தேறுவதில்லை. இது தெரியாமல் நான் ஒருமுறை, முன்பு வேலை பார்த்த இடத்தில், கேஓ குட்டி ஏன் வரவே மாட்டேன் என்கிறது, டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில்தான் ஏதோ கோளாறு என்று, அதற்குப் போடும் பிரைமர் என்ற சின்ன டிஎன்ஏ துண்டை மூன்று தடவை மாற்றி வாங்கினேன். கணக்குப் போட்டிருந்தால் போதும். நான்கில் ஒன்று கேஓ வரவேண்டிய இடத்தில், 20 குட்டி பார்த்தும் ஒன்றுகூட இல்லாமல் போவது தற்செயலாக நடக்க ஆயிரத்தில் மூன்று தடவைதான் வாய்ப்பு. அந்த நிலையில் பிரைமரை விட்டுவிட்டுத் தாயின் வயிற்றில் இருக்கும் கருக்களைப் பார்க்கப் போகவேண்டும். கரு எந்த நாளில் நின்றுபோகிறது என்பதே அந்த மரபணுவைப் பற்றிய பெரிய தகவல்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

எங்கள் மரபணுவின் பெயர் இங்கே வேண்டாம். கல்லீரலில் அதிகம் வெளிப்படும் ஒன்று. சர்க்கரை வளர்சிதை மாற்றத்தில் அதற்குப் பங்கு இருக்கலாம் என்று எங்கள் தலைவருக்கு ஒரு ஊகம். சிங்கப்பூரில் 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. அதிலும் நம் இந்திய வீடுகளில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்கவேண்டும். அதனால் எனக்கும் அந்த வேலையில் ஒரு பிடிப்பு இருந்தது.

கேஓ எலிகள் வெளிநாட்டிலிருந்து உறைந்த கருவாக வந்தன. இங்கே ஒரு வாடகைத் தாயின் வயிற்றில் வளர்ந்து பிறந்தன. அப்புறம்தான் இனப்பெருக்கக் கணக்கு. ஒழுங்கான வழி, ஒரு நல்ல பிரதியும் ஒரு கெட்ட பிரதியும் வைத்திருக்கும் இரண்டு எலிகளை ஜோடி சேர்ப்பது. இவற்றை ஹெட் என்போம். பிறக்கும் குட்டிகளில் கால் பங்கு கேஓ, அரைப் பங்கு ஹெட், கால் பங்கு இயல்பானவை. கேட்க எளிமையாக இருக்கிறது. ஒரே வயதில் 8 ஆண் கேஓ வேண்டும் என்றால்? கேஓ கால் பங்கு, அதில் ஆண் பாதி, ஆகவே எட்டில் ஒன்று. 64 குட்டிகள் பிறக்கவேண்டும். ஈற்றுக்கு ஏழு குட்டி என்று வைத்தால் ஒன்பது பத்து தாய்கள் ஒரே வாரத்தில் ஈனவேண்டும். நமக்குத் தேவையில்லாத குட்டிகளுக்கும் கூண்டு வேண்டும். கூண்டுக்கு நாள் வாடகை உண்டு. சிங்கப்பூரில் மனிதருக்கே அறை வாடகை எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் கேஓ ஆரோக்கியமாக இருந்தது, குட்டியும் போட்டது. அதனால் ஒரு குறுக்கு வழி எடுத்தோம். கேஓவையும் கேஓவையும் ஜோடி சேர்த்தால் எல்லாக் குட்டியும் கேஓ. காதில் துளை போட்டு டிஎன்ஏ பார்க்கவேண்டிய வேலையே இல்லை. ஒப்பிடுவதற்கு, எங்கள் கேஓ எலிகளின் இனமான அதே பிளாக் 6 என்ற ஆய்வக இனத்து ஆண் எலிகளை அதே வயதில் விற்பனையாளரிடம் வாங்கிக்கொண்டோம். இரண்டும் கறுப்பு எலி. கூண்டை மாற்றி வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது. இதில் என்ன தப்பு இருக்க முடியும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம், நானும்தான்.

குளுக்கோஸ் சோதனை நாள் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்தவர்களுக்குத்தான் அந்த வரைபடத்தின் மேல் வரும் பாசம் புரியும். காலை எட்டு மணிக்குத் தீனியை எடுத்துவிட்டுப் புதுக் கூண்டுக்கு மாற்றுவேன். ஆறு மணி நேரம் பட்டினி. தண்ணீர் உண்டு. இரண்டு மணிக்கு எடை போட்டு, வால் நுனியில் துளி கீறி, முதல் அளவு. அப்புறம் வயிற்றுக்குள் 20 சதவீதக் குளுக்கோஸ் ஊசி, கிராமுக்கு 10 மைக்ரோலிட்டர். 25 கிராம் எலிக்குக் கால் மில்லி. 15, 30, 60, 120-ஆவது நிமிடங்களில் மறுபடி வாலில் ஒரு சொட்டு. 16 எலிகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு நிமிடத்துக்கும் குறைந்த இடைவெளி. நடுவில் தும்மக்கூட நேரமிருக்காது. சொட்டு சிறியதாக இருந்தால் ஸ்ட்ரிப் குடிக்காது, மீட்டர் பிழை காட்டும், அதற்குள் அடுத்த எலியின் நிமிடம் வந்துவிடும். வாலை அழுத்திப் பிதுக்கினால் எலி பயப்படும், பயந்தால் சர்க்கரை ஏறும். ஆகவே விரலுக்கு அவசரமே தெரியக்கூடாது.

நான் பயன்படுத்திய மீட்டரும் அப்பா வீட்டில் விரல் குத்திப் பார்க்கும் மீட்டரும் ஒரே மாதிரி. எலிக்கு 20 (லிட்டருக்கு மில்லிமோல், இங்கே மீட்டர் காட்டும் கணக்கு அதுதான்) வந்தால் நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவேன். அதே 20 அப்பா மீட்டரில் வந்தால் வீடே கலங்கிப்போகும்.

முடிவு அருமையாக வந்தது. வாங்கிய எலிகள் அரை மணியில் 20-ஐத் தாண்டி நின்றன. எங்கள் கேஓ எலிகள் 15 பக்கத்திலேயே திரும்பிவிட்டன. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் அப்படியே. ஒரு மரபணுவை எடுத்தால் சர்க்கரை குறைகிறது என்றால் அதைத் தடுக்கும் மருந்து செய்யலாமே! எட்டு மாத வேலைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று போஸ்டர் அச்சடித்தோம். அந்த வாரம் கிம் மோ உணவங்காடியில் தலைவர் எல்லாருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

அந்த மேசையில்தான் கேள்வி வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி, மதுரைப் பக்கம், முனைவர் பட்டம் முடித்துவிட்டு வந்தவர். கோப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்:

"அக்கா, கன்ட்ரோல் எலி எங்கேருந்து வந்துச்சு?"

"வாங்கினதுதான் தம்பி. பிளாக் 6."

"பிளாக் 6 சரி. 6ஜேயா, 6என்னா?"

எனக்கு அந்த வித்தியாசம் தெரியும், பெட்டியில் எழுதியிருக்கும் ஓர் எழுத்தாக. வாங்கியது 6ஜே. எங்கள் கேஓ 6என். பல நாட்டு ஆய்வு மையங்கள் சேர்ந்து ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு நாக்அவுட் செய்தபோது எடுத்துக்கொண்ட குருத்தணுக்கள் 6என் வகை. எங்களுடையதும் அந்த வழியில் வந்தது. தம்பி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் வயிறு கலங்கியது.

அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து 1951-இல் பிளாக் 6 எலிகள் தேசிய சுகாதார நிலையத்துக்குப் போயின. போன கிளைதான் 6என், இருந்த கிளை 6ஜே. அன்றிலிருந்து இரண்டு கிளைகளும் தனித்தனியாகப் பெருகி, தனித்தனியாகப் பிறழ்வுகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கின்றன. ஜே கிளையில் எப்போதோ என்என்டி என்ற மரபணுவில் ஐந்து எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பு இருக்கும் துண்டுகள், காணாமல் போய்விட்டன. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் வேலை செய்யும் ஒரு நொதிக்கான மரபணு அது. 2005-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தபோது, 6ஜே எலிகளுக்கு இன்சுலின் சரியாகச் சுரக்காமல் குளுக்கோஸ் தாங்கும் திறன் குறைந்திருப்பதற்கு இந்தக் குறை காரணமாக இருக்கலாம் என்று சொன்னார்கள்.

அதாவது எங்கள் பரிசோதனையில் இரண்டு பக்கமும் நாக்அவுட் எலிகள். ஒரு பக்கம் நாங்கள் செய்தது. இன்னொரு பக்கம் இயற்கை செய்து, நாங்கள் காசு கொடுத்து வாங்கியது. கேஓ எலிக்குச் சர்க்கரை குறையவில்லை, கன்ட்ரோலுக்குத்தான் ஏறியிருந்தது.

6என் சுத்தமான தங்கம் என்று நினைக்கவேண்டாம். அதற்குக் கண் விழித்திரையில் ஒரு பிறழ்வு உண்டு. பார்வை பற்றிய ஆய்வில் அது இப்படியே ஆளைக் கவிழ்க்கும். பழைய நாக்அவுட் எலிகளில் வேறு சிக்கல். அவை 129 என்ற இனத்துக் குருத்தணுவில் செய்யப்பட்டவை. பத்துத் தலைமுறை பிளாக் 6-ஓடு கலந்து, இரண்டரை மூன்று வருடம் செலவழித்தாலும், நீக்கிய மரபணுவைச் சுற்றியிருக்கும் குரோமோசோம் துண்டு 129 ஆகவே நின்றுவிடும்.

தப்பைச் சரிசெய்ய ஒரே வழிதான். கேஓவை, விலைக்கு வாங்கிய 6என் எலியோடு சேர்த்து ஹெட் எடுக்கவேண்டும். ஹெட்டையும் ஹெட்டையும் சேர்த்து, ஒரே தாய்க்கு ஒரே ஈற்றில் பிறந்த கேஓவையும் இயல்பான குட்டியையும் ஒப்பிடவேண்டும். கூடப்பிறந்தவை என்றால் இனம் ஒன்று, தாய்ப்பால் ஒன்று, கூண்டு ஒன்று, குடலில் இருக்கும் கிருமியும் ஒன்று. எலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும், அதனால் ஒரே கூண்டில் கிருமிகள் சமமாகிவிடும். விமானத்தில் வந்து இறங்கிய எலிக்கும் உங்கள் கூண்டில் பிறந்த எலிக்கும் இனம் ஒன்றாகவே இருந்தாலும் மற்றதெல்லாம் வேறு. வயிற்றில் மூன்று வாரம், பருவம் வர ஆறு முதல் எட்டு வாரம், அப்புறம் இன்னொரு சுற்று, சோதனைக்குப் பத்து வார வயது. ஆறு மாதம் ஓடிவிட்டது.

அந்த ஆறு மாதத்திலும் ஒரு சொதப்பல், என் பங்குக்கு. ஒரு ஈற்றுக்கு 21-ஆம் நாள் சரியாகத் தீபாவளியில் விழுந்தது. அன்று குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கவேண்டும். எண்ணெய்க் குளியல், கோயில், சொந்தக்காரர்கள் என்று அன்று போகவில்லை. அடுத்து வாரக்கடைசி. தகப்பன் எலியை நான் கூண்டிலேயே விட்டிருந்தேன், எலி ஈன்ற அன்றே மறுபடி சினைப்படும் என்பது தெரிந்திருந்தும். மூன்றாம் நாள் போய்க் கூண்டைத் திறந்தால், ஓடித்திரியும் பெரிய குட்டிகளின் காலடியில் புதிதாகப் பிறந்த இளஞ்சிவப்புக் குட்டிகள். இரண்டு நசுங்கிச் செத்திருந்தன. கூண்டின் மேல் விலங்குக்கூடத்துக்காரர்கள் நெரிசல் அட்டையைச் செருகிவைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் குட்டி பிறந்த அன்றே 19-ஆம் நாளுக்குக் கைப்பேசியில் மணி வைத்துவிடுகிறேன். தாய் வயிறு தெரிந்ததும் ஆணைப் பிரித்துவிடுகிறேன்.

எங்கள் பாட்டி சிலோன் ரோடு செண்பக விநாயகரைக் கும்பிடுகிறவர். பிள்ளையார் வாகனத்தை வைத்து என்னடி பண்ணுறே என்று என்னை அடிக்கடி கேட்பார். விளையாட்டுக்குத்தான் கேட்பார், ஆனால் அந்த இரண்டு குட்டிகளைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. இங்கே 2004-இலிருந்து ஆய்வு விலங்குகளுக்குத் தேசிய வழிகாட்டி உண்டு. எத்தனை எலி, எதற்கு, எப்படி என்று குழுவிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகுதான் தொடமுடியும். தவறான கன்ட்ரோலை வைத்து எட்டு மாதம் செய்தோமே, அந்த எலிகள் அத்தனையும் வீண். அனுமதித் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

புதுச் சுற்றில் பிசிஆர் வேலை திரும்ப வந்தது. மூன்று பிரைமர், டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் மேலே ஒரு கோடு மட்டும் வந்தால் இயல்பு, கீழே மட்டும் என்றால் கேஓ, இரண்டும் இருந்தால் ஹெட். இதில் ஒரு பொறி இருக்கிறது. சின்னத் துண்டு, அதாவது கீழ்க்கோடு, வேகமாகப் பெருகும், அதனால் டிஎன்ஏ சுமாராக இருந்தால் ஹெட்டின் மேல்கோடு மங்கிப்போய் அது கேஓ போலவே தெரியும். ஏற்கெனவே ஹெட் என்று உறுதியான ஒரு மாதிரியையும் வெறும் தண்ணீரையும் ஒவ்வொரு ஜெல்லிலும் ஓட்டுங்கள். சோதனை முடிந்து எலியை முடிக்கும் நாளில் வாலில் ஒரு துண்டு எடுத்து மறுபடி ஓட்டுங்கள். எங்களுக்கு 40-க்கு ஒன்று மாறியிருந்தது. கூண்டு கழுவும்போது அட்டை இடம் மாறியிருக்கவேண்டும். டிஎன்ஏவில் நீக்கம் தெரிந்தால் மட்டும் திருப்திப்படாமல், திசுவில் புரதம் உண்மையிலேயே இல்லையா என்றும் பாருங்கள். பாதி வெட்டுப்பட்ட மரபணுவிலிருந்து குட்டையான புரதம் வந்து வேலை பார்த்த கதைகள் உண்டு.

இந்தத் தடவை அட்டையில் காது எண் மட்டும் எழுதினோம். எது கேஓ என்று எனக்குத் தெரியாது. பட்டியல் தம்பியிடம் இருந்தது. முதல் சுற்றில் எனக்குத் தெரிந்திருந்தது, அதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. கேஓ எலிக்கு எண் அதிகமாக வந்தால் சொட்டு சரியில்லை என்று மறுபடி பார்த்திருக்கிறேன். கன்ட்ரோலுக்கு அதிகமாக வந்தால் அப்படியே எழுதியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகச் செய்தது.

பட்டியலைத் திறந்து வரைபடம் போட்டோம். இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. பெண் எலிகளிலும் அப்படியே. தலைவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, கொழுப்புத் தீனி கொடுத்துப் பார்க்கலாமா என்றார். பார்த்தோம், அதிலும் ஒன்றுமில்லை.

கல்லீரலில் மட்டும், வளர்ந்த பிறகு மட்டும் மரபணுவை நீக்கிப் பார்க்கலாம் என்று இப்போது பேச்சு. அதற்கு, வெட்டவேண்டிய இடத்தில் அடையாளம் வைத்த லாக்ஸ்-பி எலி, அந்த அடையாளத்தில் வெட்டும் நொதியை வைத்திருக்கும் கிரி எலி என்று இரண்டு வகை வாங்கிச் சேர்க்கவேண்டும். நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்: கிரி மட்டும் உள்ள கூடப்பிறந்த எலிக்கும் கூண்டுக் காசு ஒதுக்கினால்தான் ஆரம்பிப்பேன். கணையத்து ஆய்வுக்காக எல்லாரும் பயன்படுத்திய ஒரு கிரி எலி வகைக்கு, எந்த மரபணுவையும் நீக்காமலேயே குளுக்கோஸ் கோளாறு இருந்தது பிற்பாடுதான் தெரிய வந்தது.

அப்பாவிடம் வரைபடம் தட்டையாகப் போன கதையைச் சொன்னேன். விரலைக் குத்திக்கொண்டே கேட்டார், "அப்ப நீ வாங்கின எலிக்குத்தான் சக்கரையா?" ஆமாம் என்றேன். "அதுக்கு மருந்து குடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். மீட்டர் 8.2 காட்டியது. எழுதிக்கொண்டார்.